இரட்டைக் கை சோப்பு, 200 கிராம்

பிப்ரவரி 9

நாத்தனாருக்கு,

நீ சுகமா என்று கேட்டுத் தொடங்குகிற கடிதம் இல்லை இது. ஏழு மாதமாக ஒரு வரி போடாதவளுக்கு நான் எதற்கு முதலில் எழுத வேண்டும் என்று நேற்றெல்லாம் பேனாவை மூடி மூடித் திறந்தேன். கடைசியில் எழுத வைத்துவிட்டாய்.

செவ்வாய்க்கிழமை எடை அளவு ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. மகன் படித்துச் சொல்கிறேன் என்று கையை நீட்டினான். கொடுக்கவில்லை. நானே இரண்டு தடவை படித்தேன். மார்க்கெட் தெருவில் ஒரு கடையில் நாற்பது கட்டி துணி சோப்பைப் பிடித்திருக்கிறார்கள். லேபிளில் நம் இரட்டைக் கை படம். 200 கிராம் என்று அச்சாகியிருக்கிறது. தராசில் வைத்தால் சராசரி 190. லேபிளில் இருக்கிற முகவரி நம் பட்டறை முகவரி. பதினைந்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். கடைக்காரனைக் கேட்டால், "ஏஜென்ட் கொண்டு வந்து போட்டார், பில்லு கிடையாது" என்கிறான்.

என் சோப்பு எடை குறையாது. இது உனக்கே தெரியும். இருபத்தொரு நாள் காயாத ஒரு கட்டி இந்தப் பட்டறை வாசலைத் தாண்டினது கிடையாது. அப்படியானால் அது யார் சோப்பு?

போகும்போது ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு கட்டு லேபிளும் எடுத்துக்கொண்டு போனாய். "அண்ணன் அடிச்சு வச்சது, எனக்கும் பங்கு இருக்கு" என்றாய். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தடுக்கவில்லை. இப்போது அந்த லேபிளைச் சுற்றி அரைகுறையாய்க் காய்ந்த சோப்பை விற்கிறாய் என்றால், வாடகை நெருக்குகிறதா, இல்லை என்னை நெருக்கவேண்டும் என்று ஆசையா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரட்டைக் கையைப் பதிவு செய்ய டிரேட்மார்க் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறோம். கண்டவனும் இரண்டு கையை ஒட்டி விற்கிறான் என்று மகன்தான் பிடிவாதமாய் நின்று போட வைத்தான். இந்த நேரத்தில் இப்படி ஒரு கறை. உண்மையை எழுதிவிடு. இல்லாவிட்டால் நான் எழுத வேண்டிய இடத்தில் எழுத வேண்டியதை எழுதுவேன்.

அண்ணி


பிப்ரவரி 14

அண்ணிக்கு,

நான் சுகம். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது. மூன்றாம் தடவை களைப்புதான் வந்தது. அறுபத்தோரு வயதில் தனியாகக் காஸ்டிக் கரைத்து, தனியாகக் கிண்டி, தனியாகத் தூக்குகிறவளுக்குச் சண்டை போடக் கூடத் தெம்பு வேண்டும் அண்ணி.

இரண்டு கட்டு லேபிளும் டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கின்றன. அண்ணன் சணலில் போட்ட முடிச்சைக்கூட நான் அவிழ்க்கவில்லை. இங்கே நான் செய்கிற சோப்புக்குப் பேரும் கிடையாது, படமும் கிடையாது. பாளம் பாளமாய் ஒரு சலவைக்கடைக்கும் ஒரு விடுதிக்கும் கிலோ கணக்கில் போடுகிறேன். உறை போடாமல் நிறுத்துக் கொடுத்தால் லேபிள் வேண்டாம், உறை போட்டால் பேர், முகவரி, எடை, மாதம் எல்லாம் வேண்டும் என்று இங்கிருக்கிற ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் தொடங்கினேன். சலவைக்கடைக்காரர் கேட்டார், "உங்க சோப்புக்கு என்ன பேரும்மா?" என்று. "வச்சவங்க வீட்டிலேயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

பிடித்த சோப்பை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? பார்க்காமல் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

டிரேட்மார்க் மனு விஷயம் எனக்கு முன்னமே தெரியும். நம் அச்சகக்காரர் மகளைப் பார்க்க இந்த ஊருக்கு வந்தபோது சொன்னார். "இந்தச் சின்னத்தை முதலில் பயன்படுத்தியவர் யார்" என்ற கேள்விக்கு நீங்கள் உங்கள் பேரை மட்டும் எழுதியிருக்கிறீர்களாம். அவர்தானே அந்தப் படத்தை வரைந்தார். மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, உங்கள் இடது கையையும் என் வலது கையையும் வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி இழுத்தார். "இவங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கையை ஆட்டாம வச்சிருக்கறது இதான் முதல் தடவை" என்று அண்ணன் சொல்ல, நீங்கள் சிரித்து, கோடு கோணலாகப் போனது. உங்கள் சுண்டுவிரல் இன்னும் அந்த லேபிளில் கோணலாகத்தான் இருக்கிறது.

அந்த மனுவைப் பற்றி நான் உங்களிடம் கேட்கவில்லை. தெரியும் என்று மட்டும் சொல்கிறேன்.

இப்படிக்கு
உங்களிடம் வேலைக்கு இருந்தவள்


பிப்ரவரி 20

நாத்தனாருக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே நான் பதில் கொடுத்துவிட்டேன். "மேற்படி சோப்புகள் என் பட்டறையில் செய்தவை அல்ல, போலி. என்னிடமிருந்து பிரிந்து போன என் நாத்தனாரிடம் பழைய லேபிள்கள் உள்ளன" என்று எழுதி, உன் முகவரியையும் எழுதினேன். நீ ஒன்றும் செய்யவில்லை என்றால் உனக்கு என்ன பயம்? வருவார்கள், பார்ப்பார்கள், போவார்கள்.

அந்த மனுவில் ஒரு கோடுதான் இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் "ஒரு பேர் போதும்மா, சட்டுனு எழுதுங்க" என்றாள். பின்னால் வரிசை நின்றது. எழுதினேன். இதற்கு ஒரு வழக்கா?

வேலைக்கு இருந்தவள் என்று கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். குத்தவேண்டும் என்றுதானே? அன்றைக்கு நடந்ததை நீயும் சரியாக நினைத்துப் பார். மகன் புது அச்சு மிஷின் வாங்கி, மாடியில் காற்றாடி பொருத்தி, இனி ஒன்பது நாள் காய்ந்தால் போதும் என்றான். நீ ஏணியில் நின்றபடி, ஆட்கள் முன்னால், "உனக்குச் சோப்பும் தெரியாது, வெயிலும் தெரியாது" என்று கத்தினாய். நாற்பது வயது ஆண்பிள்ளை முகம் எப்படி ஆனது என்று நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அவனுக்காகச் சொன்னேன், "நீ இங்க வேலைக்கு இருக்கறவ, அதை மட்டும் பாரு" என்று. வாய் தவறி வந்தது. அதற்காக முந்நூறு கட்டி திருப்பாமல் கிடக்கும்போது போட்டுவிட்டுப் போவாளா ஒருத்தி? அவனிடமும் சொல்லிவிட்டேன், காற்றாடியெல்லாம் சரி, இருபத்தொரு நாள் இருபத்தொரு நாள்தான் என்று. சரிம்மா என்றான்.

பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "அத்தைப்பாட்டி எப்ப வருவாங்க" என்று கேட்டாள். கேட்டாள் என்றுதான் எழுதுகிறேன், வேறொன்றும் இல்லை.

அண்ணி


மார்ச் 5

அண்ணிக்கு,

வந்தார்கள். பார்த்தார்கள். நீங்கள் எழுதியபடி போகவும் போனார்கள். போகும்போது டிரங்குப் பெட்டியிலிருந்த லேபிள் கட்டுகளை எடுத்துக்கொண்டு, மீதிச் சோப்புப் பாளத்தையெல்லாம் அறையில் வைத்துப் பூட்டி அரக்கு முத்திரை போட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டு பேர். பெரியவர் நல்ல மனிதர். லேபிள் கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முடிச்சில் தூசி படிந்திருந்தது. "ஏம்மா, லேபிள் இருக்கு, சோப்புல ஒட்டல. சோப்பு இருக்கு, லேபிள் இல்ல. இது எந்தக் கணக்குல வரும்னு எனக்கே புரியல" என்றார். "எனக்கும் அதேதாங்க" என்றேன். சின்னவர் சிரித்துவிட்டு, பெரியவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வருகிற இருபதாம் தேதி நேரில் வந்து விளக்கம் கொடுக்க வேண்டும். அடுத்தவர் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்தினேன் என்று முடிவானால் இனி சோப்புத் தொழிலே செய்ய முடியாது என்றார்கள். வாசலில் அரசாங்க வண்டி நின்றதைச் சலவைக்கடைக்காரர் பார்த்துவிட்டார். விஷயம் முடியட்டும்மா, அப்புறம் பார்க்கலாம் என்கிறார். விடுதியில் காரணம் கூடச் சொல்லவில்லை. நான் இப்போது சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சும்மா இருந்தால் கை வலி தெரிகிறது.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

மார்க்கெட் கடையில் பிடித்த கட்டி ஒன்றை அடையாளம் கேட்பதற்காகக் கொண்டு வந்திருந்தார்கள். கையில் கொடுத்தார்கள். உறையைப் பிரித்தேன். பக்கவாட்டில், மேலிருந்து இரண்டு விரல் கீழே, மயிரிழைபோல ஒரு பள்ளக்கோடு ஓடுகிறது. நம் வெட்டும் சட்டத்தில் நாலாவது கம்பி அறுந்தபோது அண்ணன் முறுக்கி முடிச்சுப் போட்டார் அல்லவா? அந்த முடிச்சு இழுக்கிற கோடு. அதை வேறு எந்தச் சட்டத்திலும் எடுக்க முடியாது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். கட்டி நன்றாகக் காய்ந்திருந்தது. ஆனால் உறையின் உட்பக்கம் முழுக்க எண்ணெய் ஊறிய கறை. ஈரத்தோடு சுற்றி, உறைக்குள்ளேயே காய்ந்தது.

"தெரியுதாம்மா?" என்றார் பெரியவர்.

"வயசாயிடுச்சு, கண்ணு சரியா தெரியலைங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. அண்ணன் போட்ட முடிச்சைக் காட்டிக் கொடுக்க மனசு வரவில்லையோ என்னவோ. உங்களுக்காகச் சொன்னேன் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன். முட்டி வலி வந்ததிலிருந்து நீங்கள் மாடி ஏறுவதில்லை. நான் இருக்கும்வரை நான் ஏறினேன். இப்போது மாடியில் தட்டைத் திருப்புகிறது யார்? தட்டு விளிம்பில் வெட்டிய தேதியைச் சாக்பீஸால் போடுகிறது யார்? நீங்கள் எந்தத் தேதியைப் பார்த்து இருபத்தொரு நாள் என்கிறீர்கள்?

நாத்தனார்


மார்ச் 10

தராசுக்கு,

உன் அண்ணன் வைத்த பேர் தானாக வந்துவிட்டது. அடிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் மாடி ஏறவில்லை. முட்டி என்று சொல்லிக்கொண்டேன். முட்டி இல்லை. மூன்றாம் நாள் ஏறினேன், ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து.

பதினான்கு தட்டு. ஒன்றில்கூடத் தேதி இல்லை. ஓரத்துத் தட்டில் மட்டும் பாதி அழிந்து ஒரு சாக்பீஸ் எழுத்து: ஜூலை 11. நீ போடும் ஒன்று எப்போதும் கொக்கி போட்டு இருக்குமே, அது. அதற்குப் பிறகு யாரும் எழுதவே இல்லை. காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

கீழே இறங்கி, கிடங்கில் ஜனவரி என்று முத்திரை போட்டிருந்த பெட்டியைப் பிரித்து ஒரு கட்டியை எடுத்துத் தராசில் வைத்தேன். 191. இன்னொன்று 189. பத்துக் கட்டி வைத்தேன். பதினோராவதை எடுக்கக் கை போகவில்லை.

மகனைக் கூப்பிட்டேன். "எத்தனை நாள் காயுது?" என்றேன்.

"ஒம்பது நாள்மா."

"இருபத்தொண்ணுன்னு சொன்னேனே, சரின்னியே."

"நீங்க மேல வரவா போறீங்கன்னு..." என்று இழுத்தான். "காத்தாடி இருக்குல்லம்மா. ஒம்பதாம் நாள் எடை போட்டா 212 இருந்துச்சு. பன்னெண்டு கிராம் சும்மா போகுதேன்னு கம்பியைக் கொஞ்சம் நெருக்கி வச்சேன். பேக் பண்ணும்போது நானே நின்னு போட்டேன்மா, 203. குறையவே இல்ல."

அவன் பொய் சொல்லவில்லை, தராசு. கட்டுகிற அன்றைக்கு 203 இருந்திருக்கும். மிச்ச ஈரம் கடை அலமாரியில் உட்கார்ந்துகொண்டே போயிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு கிராம் தண்ணீர் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நீ ஏணியில் நின்று சொன்னாய். நான் உன் வாயை அடைத்தேன்.

வக்கீலைப் பார்த்தோம். ஏதோ சொன்னார். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

யோசியுங்கள்.

வக்கீல் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். பேசாமல் இருங்கள், அந்தம்மா தலையோடு போகட்டும், அபராதம் விழுந்தால் நாமே கட்டிவிடலாம் என்றிருப்பார். மருமகனும் நல்ல பிள்ளை, "அத்தைக்கு நாமளே கட்டிடலாம்மா" என்றிருப்பான். சரிதானே? இருபத்திரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தவள் நான். உங்கள் வீட்டுப் பேச்சு எனக்கு இங்கிருந்தே கேட்கிறது.

எனக்கு அபராதம் பெரிதில்லை. இன்னொரு சோப்புப் பட்டறைப் பக்கம் போகாதே என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நான் என்ன செய்வேன்? எனக்கு வேறு என்ன தெரியும்?

அச்சகக்காரர் திரும்ப வந்திருந்தார். உங்கள் மனுவுக்கு ஆட்சேபம் சொல்ல இந்த மாதக் கடைசி வரை தவணை இருக்கிறதாம். அதற்கான ஃபாரத்தை வாங்கி, பாதியை அவரே நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். "கையெழுத்தைப் போடுங்கம்மா, அந்தப் படத்தை வரைஞ்சவன் நான், எங்க வேணா வந்து சாட்சி சொல்றேன்" என்றார். உப்பு டப்பாவின் அடியில் மடித்து வைத்திருக்கிறேன். தினம் ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன்.

எல்லாம் எளிதாக இருக்கிறது. ஒரு இடத்தில்தான் நிற்கிறேன். "இந்தச் சின்னத்துக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு என்ன" என்று ஒரு கேள்வி. நேராக ஒரு கோடு.

அதில் என்ன எழுதட்டும் அண்ணி? நீங்கள் சொன்ன வார்த்தையையே எழுதட்டுமா?

நாத்தனார்


மார்ச் 19

தராசுக்கு,

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். இருபதாம் தேதிக்குள் உனக்குக் கிடைக்காது, தெரியும். ஆனாலும் நீ அங்கே போகிறபோது விஷயம் உனக்கு முன்னால் போயிருக்கும்.

நேற்றுக் காலையில் எடை அளவு ஆபீசுக்குப் போனேன். மகன் வருகிறேன் என்றான். "நீ கடை கடையா போயி சரக்கைத் திருப்பி எடு, அதான் உன் வேலை" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டான். "அத்தை அன்னிக்கு ஏணியில நின்னு சொன்னப்ப கேட்டிருக்கலாம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். போய்விட்டான்.

ஆபீசில் ஒரு பச்சை பெஞ்சு. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் வெள்ளைத் தாள் வாங்கி, அங்கேயே மேசை ஓரத்தில் வைத்து எழுதினேன். டைப் அடித்துக் கொடுங்கள் என்றார்கள். கையால்தான் எழுதுவேன் என்றேன். ஐந்தாவதோடு நின்ற கையெழுத்துதான், ஆனால் யாருக்கும் புரியாமல் போனதில்லை.

"பிப்ரவரி 13 அன்று நான் கொடுத்த பதில் தவறு. பிடிக்கப்பட்ட நாற்பது கட்டியும் என் பட்டறையில், என் சட்டத்தில் வெட்டியவை. நாலாவது கம்பி முடிச்சின் கோடு பக்கவாட்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளவும். சரியாகக் காயாமல் உறை போட்டதால் எடை குறைந்தது. என் நாத்தனாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவரிடமிருக்கும் லேபிள்கள் அவருக்கு உரியவை."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் படித்தார்.

"ஏம்மா, போன மாசம் நீங்கதானே இது போலின்னு எழுதிக் குடுத்தீங்க?"

"ஆமாங்க. அந்தக் கடிதம்தான் போலி."

"இப்ப உங்க மேலேயே நீங்க கம்ப்ளெய்ன்ட் எழுதித் தர்றீங்களா?"

"என் சோப்பு மேல மட்டும்தாங்க எழுதியிருக்கேன். என் மேல எழுத ஆரம்பிச்சா உங்க ஃபைல் பத்தாது."

அவர் சிரிக்கவில்லை. அபராதம் உண்டு, மார்க்கெட்டில் இருக்கிற ஜனவரி, பிப்ரவரி சரக்கு முழுக்கத் திரும்ப எடுக்க வேண்டும், ஆறு மாதம் மாதா மாதம் வந்து எடை பார்ப்பார்கள் என்றார். வரட்டும். நாற்பது வருஷம் ஒருவரும் என் சோப்பை நிறுத்துப் பார்க்க வந்ததில்லை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன். இனி ஊரே பார்க்கும்படி வந்து நிறுப்பார்கள்.

அங்கிருந்து டிரேட்மார்க் ஆபீஸ். மாடியில், மூன்றாவது கவுண்டர். அதே பெண். மனுவில் இன்னொரு பேர் சேர்க்க வேண்டும் என்றேன். இந்த நிலையில் சேர்க்க முடியாதாம். பழைய மனுவைத் திரும்ப வாங்கி, புதிதாய்ப் போட வேண்டும். முன்னால் கிடைத்த வரிசை எண் போய்விடும். இடையில் வேறொருவன் இரண்டு கை படத்தோடு வந்து போட்டுவிட்டால் அவனோடு மல்லுக்கட்ட வேண்டும். "யோசிச்சுக்குங்கம்மா, முடியற நேரத்துல வாபஸ் வாங்குறீங்க" என்றாள்.

யோசிக்கிறேன் என்று உனக்கு எழுதினது நினைவுக்கு வந்தது. வாபஸ் வாங்கிவிட்டேன்.

புது ஃபாரத்திலும் ஒரு கோடுதான். "இந்த ஒரு கோட்டுல ரெண்டு பேர் எழுதலாமா?" என்று கேட்டேன். "கூட்டா நடத்துறீங்கன்னா எழுதலாம்மா, ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்" என்றாள். போன தடவையும் இதைக் கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. பின்னால் வரிசை நின்றது என்று உனக்கு எழுதினேனே, யாரும் நிற்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம். நான் ஒருத்திதான் நின்றேன்.

படத்தைப் பார்த்துவிட்டு, "இது யார் கைங்க?" என்று கேட்டாள். விளக்கம் எழுதுகிற இடத்தில் எழுதிவிட்டேன்: "இரண்டு கைகள். கோணல் சுண்டுவிரல் உள்ள இடது கை என்னுடையது. வலது கை என் நாத்தனாருடையது. இரண்டு கையும் சேர்ந்துதான் சோப்பைப் பிடித்திருக்கின்றன."

ஃபாரத்தை இத்தோடு வைத்திருக்கிறேன். என் கையெழுத்து இருக்கிறது. பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். உனக்கு விருப்பமில்லை என்றால் கிழித்துப் போட்டுவிடு. உப்பு டப்பா அடியில் இருப்பதில் எதை வேண்டுமானாலும் எழுது, நான் எதிர்க்க மாட்டேன்.

கீழே இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன். என்ன எழுதினேன் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

அண்ணி


மார்ச் 25

அண்ணிக்கு,

பார்த்தேன். ஜன்னலோரம் வைத்து இரண்டு வரியையும் படித்துவிட்டேன். அதைப் பற்றி இனி நீங்களும் எழுத வேண்டாம், நானும் எழுத மாட்டேன்.

இருபதாம் தேதி போனேன். பெரியவர், "உங்க அண்ணி எழுதியது நேத்தே ஃபேக்ஸ்ல வந்துடுச்சும்மா, உங்க மேல ஒண்ணுமில்ல" என்றார். லேபிள் கட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். சணல் முடிச்சின் மேல் அரக்கை ஊற்றி வைத்திருக்கிறார்கள், இனி கத்தி வைத்துத்தான் திறக்க வேண்டும். "அந்தம்மா எழுதினதைப் படிச்சதும் கட்டியை எடுத்துப் பார்த்தேன், கோடு இருக்கு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க கண்ணுக்கு நல்ல டாக்டரா பாருங்கம்மா" என்றார். தெரிந்துதான் சொன்னார்.

அறையைத் திறந்துவிட்டார்கள். சலவைக்கடைக்காரர் மறுநாளே ஆள் அனுப்பினார். விடுதியிலிருந்து இன்னும் சத்தம் இல்லை.

ஃபாரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. கோபத்தில் இல்லை. நீங்கள் எழுதிக் கொடுத்ததை நம்பி ஒரு தடவை வண்டி வந்துவிட்டது வாசலுக்கு. இந்தத் தடவை சோப்பைப் பார்த்துத்தான் போடுவேன். கம்பியைப் பழைய இடத்துக்கே நகர்த்துங்கள். புதிதாய் ஒரு பாளம் ஊற்றி, வெட்டி, தேதி போட்டு, இருபத்தொன்றாம் நாள் ஒரு கட்டி அனுப்புங்கள். தேதியை மருமகன் கையால் போடச் சொல்லுங்கள்.

நாத்தனார்


மார்ச் 30

தராசுக்கு,

கம்பியை அவனே நகர்த்தினான். அளவு சட்டத்தில் உன் அண்ணன் ஆணியால் கீறி வைத்தது இருக்கிறதே, அதைக் காட்டினேன். இத்தனை நாள் அதை ஏதோ அடிபட்ட கீறல் என்று நினைத்தானாம்.

இன்று வெட்டினோம். தட்டு விளிம்பில் மார்ச் 30 என்று போட்டான். இரண்டு தட்டு தள்ளி நின்றாலும் தெரிகிற மாதிரி அத்தனை பெரிதாய். ஜூலை 11-ஐத் துடைக்கப் போனான். விடு என்றேன்.

நான் தினம் ஒரு தடவை ஏறுகிறேன். மெதுவாகத்தான்.

அண்ணி


ஏப்ரல் 26

அண்ணிக்கு,

பார்சல் வந்தது. பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது, லேபிள் இல்லை. வெறும் செய்தித்தாளில் சுற்றி அனுப்பியிருக்கிறீர்கள். முகவரி இல்லை, எடை இல்லை, மாதம் இல்லை. சட்டப்படி உங்கள் மேல் இன்னொரு கேஸ் போடலாம். யார் பேரைப் போட்டு லேபிள் அடிப்பது என்று தெரியாமல் வெறுமனே அனுப்பினீர்கள் என்று பிறகு புரிந்தது.

சலவைக்கடைத் தராசு சரியாக இருக்கும், அதற்கு இந்த வருஷ முத்திரை இருக்கிறது. எடுத்துக்கொண்டு போய் வைத்தேன். 202. கடைக்காரர், "ரெண்டு கிராம் கூடவே இருக்கேம்மா" என்றார். "அவங்க கை அப்படி" என்றேன். எப்போதும் நீங்கள் இரண்டு கிராம் கூட்டித்தான் வெட்டுவீர்கள். அண்ணன் கத்துவார், நீங்கள் கேட்டதே இல்லை. பக்கவாட்டில் முடிச்சுக் கோடும் இருக்கிறது.

ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இத்தோடு வருகிறது. அச்சகக்காரர் கொடுத்ததை அடுப்பில் போட்டேன். ஒரு கட்டு லேபிளும் அனுப்புகிறேன், அரக்கோடு. இன்னொன்று என்னிடம் இருக்கட்டும். இங்கேயும் நாளைக்கு உறை போட்டு விற்றால் தேவைப்படும். முகவரி மட்டும் மாற்றி ஒட்டிக்கொள்வேன். அதற்கு அனுமதி உண்டா என்று கவுண்டரில் அந்தப் பெண்ணைக் கேட்டு எழுதுங்கள். இந்தத் தடவை மறக்காமல் கேளுங்கள்.

திரும்ப வா என்று நீங்கள் எழுதவில்லை. அதுவே நல்லது. எழுதியிருந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு இன்னும் களைப்பாகத்தான் இருக்கிறது.

ஃபாரத்தில் என் பேருக்கு நேரே "தொழில்" என்று ஒரு கோட்டை நீங்கள் காலியாக விட்டிருந்தீர்கள். பயந்துதான் விட்டீர்கள் என்று தெரியும். நானே நிரப்பிவிட்டேன். சோப்புக்காரி.

உங்கள் பேருக்கு நேரே நீங்கள் "உரிமையாளர்" என்று போட்டிருந்தீர்கள். அதை அடித்து, அங்கேயும் அதையே எழுதியிருக்கிறேன். அடித்த இடத்தில் உங்கள் சுருக்கக் கையெழுத்து ஒன்று வேண்டுமாம். போட்டுவிட்டுக் கொடுங்கள்.

தராசு